காருக்கே கடுக்காய் கொடுத்த கதை

சிலருக்கு 'ழ' வராது. சிலருக்கு 'ர' தகராறு செய்யும். எனக்குத் 'தெரியாது' என்ற சொல் வராது. பிறவிக் கோளாறு. பஸ் ஸ்டாண்டில் யாராவது நான் பெயரே கேள்விப்படாத ஊருக்கு வழி கேட்டால்கூட, "நேராப் போயி இடது பக்கம் திரும்புங்க" என்று கையை நீட்டிவிடுவேன். (அப்படி நான் அனுப்பி வைத்தவர்களில் எத்தனை பேர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்களோ.) இந்தக் கோளாறு என்னுடைய முப்பதாவது வயதில், ஒரு கல்யாண வீட்டில் குணமானது. வைத்தியம் பார்த்தது ஒரு பழைய காரும் அதன் மெக்கானிக்கும்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியைச் சுற்றியுள்ள பழைய பெரிய வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூசித் தருகிற கான்ட்ராக்டர் நான். சுண்ணாம்பையும் மணலையும் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் நாள்கணக்கில் ஊறிய தண்ணீரை விட்டுக் குழைத்து, கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்தால், சுவரில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ளலாம். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன். இதை அடக்கமில்லாமலே சொல்வேன். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் சுவரோடு முடிந்துவிடுகிறது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

மீனாள் ஆச்சியின் வீடு குன்றக்குடிக்கு அப்பால் ஓர் ஊரில் இருக்கிறது. (ஊர்ப் பெயரைப் போட்டால் அடுத்த வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்.) வீட்டின் ஒரு பகுதியை வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் விடுதியாக மாற்றி, ஒற்றை ஆளாக நடத்திக்கொண்டிருந்தார். மகள் வள்ளிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குள் வளவை (வீட்டின் நடு முற்றத்தை)ச் சுற்றியுள்ள சுவர்களைப் பூசி முடித்துத் தருவது என் பொறுப்பு.

அந்த வீட்டு ஷெட்டில் ஒரு கறுப்புக் கார் நின்றது. ஆச்சியின் மாமனார் காலத்தில் கப்பலில் வந்து இறங்கியது. வள்ளியின் அப்பச்சி (அப்பாவை அந்த வீட்டில் அப்படித்தான் அழைப்பார்கள்) அதைத் தன் கையாலேயே துடைத்து, தானே ஓட்டியவர். அவர் தவறிப்போய் ஆறு வருடம். அன்றிலிருந்து கார் நகரவில்லை.

ஒருநாள் நான் சுவரைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வள்ளி தன் அம்மாவிடம் சொன்னாள்:

"ஆத்தா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். கல்யாணம் முடிஞ்சு அவுக வீட்டுக்குப் போறப்ப அப்பச்சி கார்ல போகணும். அது மட்டும் போதும்."

"அது ஆறு வருசமா நிக்கிது. அதை ஓட வைக்க யாரு இருக்கா?" என்றார் ஆச்சி.

அந்தக் கேள்வியை ஆச்சி வானத்தைப் பார்த்துத்தான் கேட்டார். வானம் பேசாமல் இருந்தது. நான் பேசிவிட்டேன்.

"நான் இருக்கேன்ல ஆச்சி."

"நீங்க கார் வேலையும் பாப்பீகளா?"

"தெரியும் ஆச்சி."

எனக்குத் தெரிந்ததெல்லாம் கார் ஓட்டத்தான். காரை ஓட வைப்பது வேறு ஒரு வித்தை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இருந்தாலும் போனில் வீடியோக்களைப் பார்த்து, புது பாட்டரி போட்டு, ஆயில் மாற்றி, டேங்கில் இருந்த பழையதை வடித்துவிட்டு இரண்டு லிட்டர் பெட்ரோல் ஊற்றிச் சாவியைத் திருப்பினேன். இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை ஓட ஆரம்பித்துவிட்டது!

அந்த எஞ்சின் அவ்வளவு நல்ல மனசு. யார் கை வைத்தாலும் ஒத்துழைக்கும். ஆனால் நான் அதை என் திறமை என்றே எடுத்துக்கொண்டேன். வீடே ஷெட்டுக்கு ஓடி வந்தது. வள்ளி பானட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஆச்சி உள்ளே போய் ஒரு தட்டு வெள்ளைப் பணியாரம் கொண்டுவந்து கொடுத்தார். அதைச் சாப்பிட்டுக்கொண்டே அக்கம்பக்கத்தார் கேட்ட சந்தேகங்களுக்கெல்லாம் பதில் சொன்னேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை. டேங்கை நிரப்பிவிடலாம் என்று போனேன். ஷெட்டின் மூலையில் மூன்று வெள்ளை கேன்கள் நின்றன. மூன்றும் ஒரே அளவு, ஒரே மூடி. இரண்டில் நான் வாங்கி வந்த பெட்ரோல். மூன்றாவதில் சுவர்ப் பூச்சுக்கு வடிகட்டி வைத்த கடுக்காய்க் கருப்பட்டித் தண்ணீர்.

அதை ஏன் பிளாஸ்டிக் கேனில் வைப்போம் என்றால், கடுக்காய்த் தண்ணீர் இரும்பில் பட்டால் கன்னங்கரேலென்று கறுத்துவிடும். பிறகு சுவரெல்லாம் கறை. என்னிடம் வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே நான் சொல்லும் பாடம் அது. "இரும்புச் சட்டியைக் கிட்டக் கொண்டு வந்தீக, கையை உடைச்சிருவேன்" என்று வேறு சேர்த்துக்கொள்வேன்.

காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு முதல் கேனை ஊற்றினேன். போனில் என் நண்பன். அவன் பைக் ஏன் கிளம்ப மறுக்கிறது என்று அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். முதல் கேன் பெட்ரோல்தான். அது காலியானபோது என் மூக்கில், கையில், சட்டையில் எல்லாம் பெட்ரோல். அதற்குப் பிறகு உலகமே பெட்ரோலாகத்தான் மணந்தது. அந்த மணத்தோடு அடுத்த கேனைக் கவிழ்த்தேன். புனலில் கட்டியிருந்த துணியில் பழுப்பாக ஏதோ இறங்கியது. பழைய டேங்க் அல்லவா, துரு என்று நினைத்துக்கொண்டேன். (இனிமேல்தான் டேங்கிற்குள் போகப்போகிற பெட்ரோலில் டேங்கின் துரு எப்படி முன்கூட்டியே வந்து சேரும் என்று கேட்காதீர்கள். நான் கேட்கவில்லை.)

கார் கிளம்பியது. ஒத்திகை பார்க்கலாம் என்று தெருவில் எடுத்தேன். ஊருணிக் கரை வரை ராஜா மாதிரி போனது. அங்கே ஒரு குலுக்கு, ஒரு விக்கல், அப்புறம் நின்றுவிட்டது. கல்யாணச் சமையலுக்கு வந்திருந்த நாலு பேர் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து தள்ளி ஷெட்டில் சேர்த்தார்கள்.

அன்று காலை முதல் மத்தியானம் வரை நான் செய்ததை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. முதலில் "பாட்டரி வயர் லூஸ்" என்றேன். முறுக்கினேன். பிறகு "பிளக்" என்றேன். கழற்றித் துடைத்து மாட்டினேன். அப்புறம் "காயில் போயிருக்கும்" என்றேன். அது எங்கே இருக்கிறது என்று வீடியோவில் தேடினேன். ஒவ்வொன்றுக்கும் நடுவே சாவியைத் திருப்பித் திருப்பி, டேங்கின் அடியில் கிடந்த விஷத்தை நானே இழுத்து இழுத்து எஞ்சினுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பாட்டரியும் உயிரை விட்டது. கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டிய பிறகு ஒரு திருகாணி மிச்சம் இருந்தது. அதை யாரும் பார்ப்பதற்குள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அப்போது வள்ளி வந்தாள். இரண்டு கையிலும் மருதாணி. எதையும் தொடாமல் விரல்களை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, முடியலைன்னா சொல்லிருங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"ரெண்டே நிமிசம் தங்கச்சி. சின்னக் கோளாறுதான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தலைமைச் சமையல்காரர்தான் ஆச்சியிடம் போய்ச் சொன்னார்: "ஆச்சி, காரைக்குடியில கழனிவாசல் பக்கம் செல்வின்னு ஒரு பொண்ணு ஒர்க் ஷாப் வச்சிருக்கு. என் பழைய பைக்கை அதுதான் பாக்கும். கை வச்சா ஓடும்."

நாலு மணிக்குச் செல்வி வந்தாள். (அவள் என்று எழுதுவதற்கு எனக்கு உரிமை உண்டு. இன்று அவள் என் மனைவி. இந்தக் கட்டுரையில் எஞ்சின் சம்பந்தப்பட்ட வரிகளை அவள் படித்துத் திருத்திய பிறகுதான் அனுப்புகிறேன்.) என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஒரு கையில் டூல்ஸ் பெட்டி, மறு கையில் கழுவித் துடைத்த காலி ஊறுகாய் பாட்டில். ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்க வந்த மாதிரி செருப்பை ஷெட்டுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"என்ன ஆச்சு?"

நான் பத்து நிமிடம் பேசினேன். பாட்டரி, பிளக், காயில், பழைய கார்களின் சுபாவம், இங்கிலீஷ்காரன் செய்த தவறு, எல்லாம் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"சார், அது உங்க கருத்து. கார் என்ன பண்ணுச்சு? அதை மட்டும் சொல்லுங்க."

(அண்ணே என்று சொல்லவில்லை, சார் என்றுதான் சொன்னாள். பிற்காலத்தில் அது பெரிய வசதியாகப் போயிற்று.)

ஊருணி வரை ஓடியதையும், குலுங்கி நின்றதையும் சொன்னேன். ஆச்சி கவலையோடு கேட்டார்: "எதனாலம்மா நின்னுருக்கும்?"

"தெரியலை ஆச்சி. பாத்தாத்தான் தெரியும்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! முகம் சுருங்கவில்லை, குரல் தாழவில்லை. ஆச்சியின் முகத்தில் அவள்மேல் நம்பிக்கை கூடியதே தவிரக் குறையவில்லை. காலையிலிருந்து ஒரு தடவைகூட எனக்குக் கிடைக்காத நம்பிக்கை அது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

முதலில் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் மேல் படுக்க வைத்தாள். என் உபயத்தில் பாட்டரி செத்துப்போயிருந்ததால், தன் வண்டியிலிருந்து ஒரு பாட்டரியைக் கொண்டுவந்து மாட்டி, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னாள். பளிச்சென்று நீலமாகப் பொறி பறந்தது.

"பொறி நல்லா இருக்கு. பிளக்கு ஈரமா இருக்கு, ஆனா பெட்ரோல் ஈரம் இல்லை. காயிலை விட்ருங்க. இது குடிச்சது ஏதோ ஒத்துக்கலை."

அடுத்து கார்புரேட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றி அதன் நுனியில் ஊறுகாய் பாட்டிலைப் பிடித்தாள். ஏதோ கலங்கலாக நிறைந்தது. பாட்டிலை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இப்ப என்ன பண்ணணும்?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணக் கூடாது. தெளியட்டும்."

என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நிமிடத்தை நான் பார்த்ததில்லை. பாட்டிலுக்குள் மெல்ல மெல்ல ஒரு கோடு விழுந்தது. மேலே லேசான மஞ்சளில் பெட்ரோல். கீழே பேனா மை மாதிரி கறுப்பு.

அவள் அந்தக் கறுப்பில் ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்தாள். முகர்ந்தாள். ஒவ்வொன்றாக வாய்விட்டே யோசித்தாள்.

"துருன்னா செவப்பா இருக்கணும். வெறும் தண்ணின்னா நிறமே இருக்காது. இது பிசுபிசுங்குது, அப்ப இனிப்பு இருக்கு. புளிச்ச வாடை வருது. கை கறுத்துருச்சு. டேங்க்கு இரும்பு. இரும்போட சேந்தா கறுக்குற எதையோ யாரோ ஊத்தியிருக்காக." பிறகு என் பக்கம் திரும்பினாள். "சார், உங்களுக்கு எதுவும் தெரியுமா?"

இரும்போடு சேர்ந்தால் கறுப்பது. இனிப்பு. புளிப்பு. நான் ஊருக்கெல்லாம் நடத்துகிற பாடம் என் கண் முன்னால் ஊறுகாய் பாட்டிலில் நின்றது. அந்த நிமிடத்தில் என் வாழ்க்கையில் முதல் முறையாக நான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"தெரியலை."

அதுவும் பொய்.

செல்வி என் விரல் நகங்களைப் பார்த்தாள். பத்தும் கறுப்பு. எழுந்து மூலைக்குப் போய் மூடியிருந்த கேனைத் திறந்து பார்த்தாள்.

"இது பெட்ரோல். நீங்க எத்தனை கேன் வாங்கினீக?"

"ரெண்டு."

"எத்தனை ஊத்தினீக?"

"ரெண்டு."

"அப்ப இது?"

செல்வி காலி கேன்கள் இரண்டையும் எடுத்து முகர்ந்தாள். இரண்டாவது கேனில் மூக்கு நின்றது.

"கடுக்காய்" என்றாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஆளுக்குக் கடுக்காய் குடுக்குறவுகளைப் பாத்திருக்கேன் சார். காருக்கே கடுக்காய் குடுத்தவுகளை இப்பத்தான் பாக்குறேன்."

சமையல்காரர் சிரித்தார். மாலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆச்சி மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க செவரை மட்டும் பாத்திருக்கலாம்" என்றார். பிறகு, "வள்ளிகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றார்.

போய்ச் சொன்னேன். "தங்கச்சி, எனக்குக் கார் வேலை தெரியாது." இந்தத் தடவை அது உண்மை. சொல்லி முடித்ததும் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது; ஆனால் அந்த மூட்டை அவள் தலையில் போய் உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

"அன்னைக்கு ஓடுச்சுல்லண்ணே. அதான் நம்பிட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இனி செல்வி. எஞ்சின் ஆயிலின் அளவுக் கம்பியை உருவிப் பார்த்து, "ஆயில்ல கலக்கலை. எஞ்சின் பொழச்சுச்சு" என்று ஆச்சிக்குத் தெம்பு சொன்னாள். கார்புரேட்டரைக் கழற்றி ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் உறுப்பு உறுப்பாகப் பரப்பினாள். நானாக இருந்தால் எல்லாவற்றையும் பெட்ரோலில் ஊறப்போட்டிருப்பேன். அவள் சமையல் கட்டிலிருந்து வெந்நீர் கேட்டாள். "கருப்பட்டி பெட்ரோல்ல கரையாது சார். வெந்நியிலதான் கரையும். உங்களுக்குத் தெரியாதா, தினம் கரைக்கிறீக?" தெரியும். ஆனால் தோன்றவில்லை.

பெட்ரோல் பீச்சுகிற பித்தளைத் துண்டின் துளை தலைமுடி நுழையும் அளவுதான். அதில் கருப்பட்டி காய்ந்து அடைத்திருந்தது. அவளுடைய அப்பா நகைப்பட்டறை வைத்திருப்பவர். அங்கிருந்து எடுத்து வந்த ஊதுகுழலை வாயில் வைத்து ஊதினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மறுபடி ஊதினாள். ஒரு கண்ணைச் சுருக்கி அவள் அந்தத் துளையைப் பார்த்த மாதிரி என்னை யாராவது பார்த்தால் போதும் என்று அப்போது தோன்றியது. (இந்த வரியை அடிக்கச் சொன்னாள். அடிக்கவில்லை.)

மறுநாள் விடியலில் வந்து டேங்கை இறக்கினாள். உள்ளே நாதஸ்வரம், முகூர்த்தம், சாப்பாட்டுப் பந்தி. வெளியே நானும் அவளும் டேங்கைக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினோம். மூன்று தடவை கழுவியும் மை வந்தது. நாலாவது தடவையும் வந்தது. பெட்ரோலை ஏற்றுகிற பம்ப்பும் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்ப இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

"இதைக் கழுவிக் காயப்போட்டு முடிக்க மூணு நாளாகும்" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அழுகாதீக சார். டேங்க்கும் வேணாம், பம்ப்பும் வேணாம்."

புதிய கேன் ஒன்றில் பாதியளவு பெட்ரோல். அதன் அடியில் ஒரு ரப்பர் குழாய். குழாயின் மறுமுனை பானட்டுக்குள் நேராகக் கார்புரேட்டருக்கு. கேன் உயரத்தில் இருந்தால் பெட்ரோல் தானாக இறங்கும். சாவியைத் திருப்பினாள். அந்த எஞ்சின், நான் ஊட்டியதையெல்லாம் மன்னித்துவிட்டு, அழகாகப் பாட ஆரம்பித்தது.

"கேனைக் கார் மேல கட்டிரலாமா?" என்றேன்.

"ரொம்ப உயரத்துல வச்சா கார்புரேட்டர் பொங்கி வழியும். ரொம்பத் தாழ்ந்தா நின்னுரும். மேட்டுல தூக்கணும், பள்ளத்துல இறக்கணும். உள்ள வச்சா வாடையில யாரும் உக்கார முடியாது, ஆபத்து வேற. ஜன்னலுக்கு வெளிய யாராவது கையில பிடிச்சுக்கிட்டே வரணும்."

"யாரு பிடிக்கிறது?"

அவள் என்னைப் பார்த்தாள். "ஊத்தினவுகதான்."

ஆச்சி எனக்காக எடுத்து வைத்திருந்த ஜரிகை வேட்டியைக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு முன் சீட்டின் இடது பக்கம் உட்கார்ந்து, கேனை வெளியே நீட்டினேன். செல்வி ஓட்டினாள். பின்னால் வள்ளியும் மாப்பிள்ளை சொக்குவும். வண்டி வாசலைத் தாண்டியபோது ஆச்சி காரின் பின்புறத்தை ஒருமுறை தடவிக் கொடுத்தார்.

"தூக்குங்க... இன்னும்... போதும். இறக்குங்க. சார், இறக்குங்க!"

குன்றக்குடி பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் கும்பிடலாமா, பரிதாபப்படலாமா என்று தெரியாமல் விழித்தார்கள். "யாருக்குப்பா டிரிப்ஸ் ஏறுது?" என்று ஒருவர் கேட்டார். எதிரே வந்த டவுன் பஸ்ஸின் கண்டக்டர் தலையை நீட்டி, "காருக்கு என்னண்ணே, காய்ச்சலா?" என்றார். கையை மடக்கவும் முடியாது, முகத்தை மூடவும் முடியாது. வீடியோக்காரர் பைக்கில் பின் சீட்டில் திரும்பி உட்கார்ந்து என் அக்குள் வியர்வை முதற்கொண்டு படம் பிடித்துக்கொண்டே வந்தார்.

காரைக்குடி எல்லை வந்ததும் வள்ளி, "செல்வி, கொஞ்சம் ஓரமா நிறுத்துறீகளா?" என்றாள். "நான் ஓட்டுறேன். அப்பச்சி எனக்கு இதுலதான் ஓட்டச் சொல்லிக் குடுத்தாக."

செல்வி மாப்பிள்ளையைப் பார்த்தாள். சொக்கு சிரித்தார். "எனக்கு ஓட்டத் தெரியாதுங்க. அவ நல்லா ஓட்டுவா." (இன்னொரு மனிதர்! எவ்வளவு சுலபமாக!) செல்வி பின்னால் போய் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கழுத்து நிறைய நகையும் தலை நிறையப் பூவுமாக வள்ளி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கியர் மாற்றும்போது ஒரு சத்தமில்லை. மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் திரும்பும்போது ஹாரனை இரண்டு தடவை அடித்தாள். "அப்பச்சி இப்படித்தான் தெருவுக்குள்ள வருவாக" என்றாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. கை வலி என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். கை வலியால் இல்லை.

வாசலில் குலவைச் சத்தம். மாப்பிள்ளையின் பார்வை மங்கிய அயித்தை ஆலாத்தி (ஆரத்தி) தட்டோடு நின்றார். முன் சீட்டில் பெண் இருக்கிறாள், பக்கத்தில் ஜரிகை வேட்டி. அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. நேராக என் ஜன்னலுக்கு வந்தார். தட்டின் நடுவே கற்பூரம் திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. என் கையில் பெட்ரோல் கேன்.

"அயித்தை, பெட்ரோல்! கற்பூரத்தை அணைங்க!" என்று சொக்கு கத்தினார்.

"ஆலாத்தியை யாராவது அணைப்பாகளா? நல்ல காரியத்துல என்ன பேச்சு இது?" என்று அவர் இன்னும் ஒரு அடி கிட்டே வந்தார்.

எனக்குக் குரல் வரவில்லை. தெரியாது என்ற சொல் மட்டுமில்லை, எந்தச் சொல்லும் வரவில்லை. வள்ளி சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள். அதற்குள் பின் கதவு திறந்தது. செல்வி இறங்கினாள். ஓடவில்லை. அயித்தையின் கையிலிருந்து தட்டைப் பணிவாக வாங்கினாள். "நான் சுத்துறேன், நீங்க குலவை போடுங்க" என்றாள். கற்பூரம் அணையாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு, பத்து அடி தள்ளிப் போய் நின்றாள். அங்கிருந்தே காரைப் பார்த்து நிதானமாக மூன்று சுற்றுச் சுற்றினாள். அயித்தைக்கும் குறையில்லை, எங்களுக்கும் உயிர் சேதமில்லை. அத்தனை பெண்களும் குலவையிட்டார்கள். அவளை அப்படிப் பார்த்துக்கொண்டே நான் கேனை இன்னும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். வண்டி நின்றுவிட்டது, இறக்கலாம் என்று வள்ளிதான் சொல்ல வேண்டியிருந்தது.

டேங்கும் பம்ப்பும் பிறகு சரியாகி, அந்தக் கார் இன்றும் ஓடுகிறது. வருடா வருடம் செல்விதான் பார்க்கிறாள். நான் வெள்ளை கேனோடு அதன் பக்கத்தில் போகக் கூடாது என்பது ஆச்சியின் நிரந்தர உத்தரவு. அடுத்த வருடமே எங்களுக்குக் கல்யாணம் ஆனது; பெண் கேட்டுப் போனபோது அவளுடைய அப்பா, "மாப்பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி, "செவரு பூசத் தெரியும். மத்தது தெரியாதுன்னு அவுகளே சொல்வாக" என்று முடித்துவைத்தாள்.

வள்ளியின் கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுவதும் ஒரே படம். முன் சீட்டில் மணப்பெண். பக்கத்தில் ஜரிகை வேட்டியில் நான். எதிரே என் மனைவி, எங்கள் இருவருக்கும் ஆலாத்தி எடுக்கிறாள். அசல் மாப்பிள்ளை பின் சீட்டில் தனியாக உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறார். போன பொங்கலுக்கு வள்ளி வீட்டுக்குப் போயிருந்தபோது, எங்கள் ஆறு வயது மகள் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வீடே கேட்கும்படி கேட்டாள்:

"ஏம்மா, வள்ளி அத்தை பக்கத்துல அப்பா மாப்பிள்ளையா உக்காந்திருக்காக. நீ பாட்டுக்கு ஆலாத்தி எடுக்குறே?"

செல்வி முறுக்கைக் கடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்:

"அப்பா மாப்பிள்ளை இல்லடி. அன்னைக்கு அவுக பெட்ரோல் டேங்க்கு."